கணினிகளைக் கட்டி மேய்ப்பது

கோயம்புத்தூரில் பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலகம், வடிவமைப்பு அறை, உற்பத்திக் கூடம், கிடங்கு, எடைமேடை என எல்லா இடங்களையும் சேர்த்து நூற்றுச் சொச்சம் கணினிகள், சில சர்வர்கள், அவற்றைவிட அதிகமான கைப்பேசிகள் என் பொறுப்பில் இருக்கின்றன. இதே தொழிலில் உள்ள நண்பர்கள், "இதையெல்லாம் சுலபமாகப் பார்த்துக்கொள்ள என்ன மென்பொருள் வாங்கலாம்?" என்று கேட்கும்போது நான் உடனே பெயர் சொல்வதில்லை. மென்பொருள் தேவைதான், அதைப் பற்றியும் பின்னால் எழுதுகிறேன். ஆனால், ஒரு நிறுவனத்தின் கணினி நிர்வாகத்தைச் சிக்கலாக்குவது கணினிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவற்றின் வகைகளே என்பது என் திடமான கருத்து. ஒரே மாதிரி அமைந்த இருநூறு கணினிகளை இருவர் நிதானமாகக் கவனித்துக்கொள்ள முடியும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும் நாற்பது கணினிகள் அதே இருவரை ஞாயிற்றுக்கிழமையும் அலுவலகத்துக்கு வரவழைத்துவிடும்.

வகைகள் பெருகும் விதம் எங்கள் பக்கத்துத் தொழிற்பேட்டைகளில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நேரத்தில் கணக்குப் பிரிவுக்கு ஒரு கணினி அவசரமாகத் தேவைப்படும். பழகிய கடையில் அசெம்பிள் செய்து எடுத்து வந்துவிடுவார்கள். வடிவமைப்புப் பொறியாளர் தம் மென்பொருளுக்கு ஏற்ற கிராஃபிக்ஸ் அட்டை உள்ள இயந்திரம்தான் வேண்டும் என்பார். அது வேறொரு நிறுவனத்துடையதாக இருக்கும். விற்பனைப் பிரிவினருக்குத் தீபாவளித் தள்ளுபடியில் மடிக்கணினிகள் வாங்கப்படும். ஒவ்வொரு முடிவும் அந்த நாளில் நியாயமானதே. இப்படியே பத்து ஆண்டுகள் கழிந்தால், ஒரே பிரிண்டருக்கு நான்கு விதமான டிரைவர் தேவைப்படும் அலுவலகம் ஒன்று உருவாகியிருக்கும். அதை யாரும் திட்டமிட்டிருக்க மாட்டார்கள்.

இந்த வகைகளில் என்னை அதிகம் எரிச்சலூட்டுவது விண்டோஸ் ஹோம் பதிப்பு. கடைகளில் தள்ளுபடி விலையில் கிடைக்கும் மடிக்கணினிகள் பெரும்பாலும் இந்தப் பதிப்போடுதான் வருகின்றன. ஹோம், புரோ என்ற வேறுபாட்டை விலைப்பட்டியலில் நிர்வாகத்தினர் கவனிப்பதில்லை. ஆனால், ஹோம் பதிப்பை டொமைனில், அதாவது நிறுவனக் கணினிகளை ஒரே மையத்திலிருந்து ஆளும் அமைப்பில், சேர்க்க முடியாது. ஆகவே நிறுவனம் தரும் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அதில் செல்லுபடியாகா, மையத்திலிருந்து வகுக்கும் விதிகளும் அதை எட்டா. புரோவாக உயர்த்தத் தனியே உரிமம் வாங்க வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் தள்ளுபடியில் மிச்சம் பிடித்த தொகையில் பெரும்பகுதி கரைந்திருக்கும். கொள்முதல் ஆணையில் 'புரோ' என்ற இரண்டெழுத்தைச் சேர்க்க வைத்ததுதான் நான் செய்தவற்றிலேயே மிக மலிவான சீர்திருத்தம்.

வகைகளைக் குறைப்பதற்கு முன் அவை என்னென்ன என்று தெரிய வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்த சி.ஐ.எஸ். என்ற இலாப நோக்கற்ற அமைப்பு, நிறுவனங்களுக்கான பாதுகாப்புக் கட்டுப்பாடுகள் என்ற தொகுப்பை வெளியிட்டு வருகிறது. 2021இல் வெளியான அதன் எட்டாம் பதிப்பில் 18 தலைப்புகள் உள்ளன. முதல் தலைப்பு நிறுவனத்தில் உள்ள கருவிகளின் பட்டியல். இரண்டாவது தலைப்பு அவற்றில் உள்ள மென்பொருள்களின் பட்டியல். ஆண்டிவைரஸ் உள்ளிட்ட மற்ற எல்லாமே அவற்றுக்குப் பிறகுதான் வருகின்றன. இந்த வரிசையின் நியாயம் வேலையில் இறங்கிய பிறகு விளங்கும். கையால் எழுதிய எக்செல் பட்டியல் அதை எழுதிய வாரத்தில் மட்டுமே சரியாக இருக்கும். பிறகு ஒரு கணினி மாடியிலிருந்து கீழே இறங்கும், இன்னொன்றின் நினைவகம் கழற்றப்பட்டு வேறொன்றுக்குப் போகும். ஆகவே பட்டியல் தானாகத் திரள வேண்டும். பிரான்சில் தொடங்கி வளர்ந்த ஜி.எல்.பி.ஐ. என்ற கட்டற்ற மென்பொருளை ஒரு பழைய சர்வரில் நிறுவி, ஒவ்வொரு கணினியிலும் விவரங்களைத் திரட்டி அனுப்பும் ஏஜென்ட் என்ற அதன் சிறு நிரலைப் போட்டுவிட்டால், செயலி, நினைவகம், தொடர் எண், நிறுவியுள்ள மென்பொருள்கள் எல்லாம் அன்றாடம் வந்து சேரும். இதற்குப் பணம் தேவையில்லை, சில நாள் பொறுமை மட்டும் வேண்டும்.

ஏஜென்ட் போட முடியாத கருவிகள்தான் உண்மையான வேட்டைக்கு உரியவை. எந்தக் கருவிகளுக்கெல்லாம் வலைப்பின்னல் முகவரி வழங்கப்பட்டிருக்கிறது என்ற டி.எச்.சி.பி. பதிவையும், கருவிகளை இணைக்கும் சுவிட்சுகளில் உள்ள மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) அட்டவணையையும் எடுத்து, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பெயரில்லாத பலர் நம் வலைப்பின்னலில் குடியிருப்பது தெரியவரும். வருகைப் பதிவுக்கான கைரேகை இயந்திரம், கேமராக்களின் பதிவுப் பெட்டி, லேபிள் அச்சிடும் கருவி, எடைமேடையின் கட்டுப்பாட்டுப் பெட்டி, எவரோ மேசைக்கு அடியில் சொருகி வைத்த வீட்டு வை-ஃபை ரௌட்டர் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றை நிறுவியவர்கள் ஒரு நாள் வந்து பொருத்திவிட்டுப் போனவர்கள். கடவுச்சொல் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும். 2016ஆம் ஆண்டு மிராய் என்ற தீநிரல், அறுபதுக்கும் மேற்பட்ட இத்தகைய வழக்கமான பெயர்-கடவுச்சொல் இணைகளைக் கொண்டே உலகெங்கும் கேமராக்களையும் ரௌட்டர்களையும் வசப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரிகளைத் தேடித் தரும் டைன் என்ற நிறுவனத்தின் மீது அக்கருவிகளை ஏவியதால், ட்விட்டர் போன்ற பெருந்தளங்களே அமெரிக்காவில் பலருக்குப் பல மணி நேரம் எட்டாமல் போயின. இவற்றைப் பட்டியலில் சேர்த்து, கடவுச்சொல்லை மாற்றி, கணக்குப் பிரிவின் கணினிகளைத் தொட முடியாதபடி வீலேன் என்ற தனி வலைப்பிரிவில் ஒதுக்கிவிட்டால் அவற்றோடு நமக்கு வேறு வேலை இல்லை.

பட்டியல் கைக்கு வந்தபின் வகைகளைக் குறைப்பது பெரும்பாலும் கொள்முதல் தொடர்பான வேலை. அலுவலகத்துக்கு ஒரு மாதிரி மேசைக்கணினி, வெளியே அலைபவர்களுக்கு ஒரு மாதிரி மடிக்கணினி, வடிவமைப்பு அறைக்கு ஒரு மாதிரி ஒர்க்ஸ்டேஷன் என்று மூன்றே வகைகளை நிர்ணயித்து, ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக வாங்கி, ஒவ்வொரு வகையிலும் ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்வது நாங்கள் வந்தடைந்த முறை. பழுதான கணினியை அதன் முன்னால் உட்கார்ந்து சரிசெய்வதற்குப் பதிலாக, கையிருப்பில் உள்ளதைக் கொடுத்துவிட்டுப் பழையதை அறைக்கு எடுத்து வந்து நிதானமாகப் பார்க்கலாம். இது சாத்தியமாக வேண்டுமானால் பயனரின் கோப்புகள் எதுவும் அவருடைய கணினியில் மட்டும் இருக்கக் கூடாது. டெஸ்க்டாப்பில் கோப்புகளைக் குவித்து வைக்கும் பழக்கத்தை அறிவுரையால் மாற்ற இயலாது. டெஸ்க்டாப் கோப்புறையையே சர்வருக்குத் திருப்பிவிடும் வசதியை இயக்கிவிட்டால், யாரும் எதையும் மாற்றிக்கொள்ளத் தேவையில்லை.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது இந்த முறைக்கு ஒரு சோதனையாக அமைந்தது. விண்டோஸ் 11க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளில் பெரும்பாலானவை தகுதி பெறா. கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களுக்கு நிறுவனங்களிடம் மைக்ரோசாஃப்ட் கேட்ட கட்டணம் முதல் ஆண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர். அடுத்த ஆண்டு அது இரட்டிப்பாகும், மூன்றாம் ஆண்டு மீண்டும் இரட்டிப்பாகும். பட்டியல் இருந்தவர்கள் எந்தக் கணினிகள் தகுதி பெறும், எவற்றுக்கு என்ன செலவு என்று ஒரே மாலையில் கணக்குப் போட்டுவிட்டார்கள். இல்லாதவர்கள் ஒவ்வொரு மேசையாக நடந்தார்கள்.

இனி, எந்த முறைக்கும் அடங்காத உற்பத்திக் கூடத்துக்கு வருகிறேன். கணினி நிர்வாகம் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அலுவலகத்தை மட்டுமே மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். கோவை, ஓசூர், இராணிப்பேட்டை போன்ற ஊர்களில் வேலை செய்பவர்களின் தலைவலியில் பாதி இயந்திரங்களின் அருகில் இருக்கிறது. சி.எம்.எம். எனப்படும் அளவீட்டு இயந்திரம் ஒன்றைப் பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கியிருப்பார்கள். இயந்திரம் இன்னும் இருபது ஆண்டுகள் உழைக்கும். அதனோடு வந்த கணினியில் ஓடுவதோ விண்டோஸ் எக்ஸ்.பி. அல்லது விண்டோஸ் 7. முன்னதற்கு ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், பின்னதற்கு 2020 ஜனவரி 14 அன்றும் முடிந்துவிட்டன. அளவீட்டு மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறலாம் என்றால், கட்டுப்பாட்டு அட்டையையும் மாற்ற வேண்டும் என்பார்கள். அதன் விலையைக் கேட்டபின் பேச்சு அதோடு நின்றுவிடும். பராமரிப்புக்கு வரும் பொறியாளரும், "சார், இதுல மட்டும் கை வெச்சுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

இப்படிப்பட்ட இயந்திரங்களின் ஆபத்து கற்பனையானதன்று. 2018 ஆகஸ்ட் தொடக்கத்தில், உலகின் மிகப் பெரிய ஒப்பந்தச் சில்லு உற்பத்தியாளரான தைவானின் டி.எஸ்.எம்.சி. நிறுவனத்தில், புதிதாக வந்த ஒரு கருவிக்கு மென்பொருள் நிறுவும்போது வைரஸ் சோதனை விடுபட்டுப்போனது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் பணயத் தீநிரலான வானாக்ரையின் ஒரு திரிபு அதன் வழியாக உள்ளே நுழைந்து, திருத்தப்படாத விண்டோஸ் 7இல் ஓடிய உற்பத்திக் கருவிகளில் பரவி, பல ஆலைகளை நிறுத்தியது. வானாக்ரை தோன்றி அப்போது ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. பணத்துக்கும் ஆட்களுக்கும் குறைவில்லாத நிறுவனத்துக்கே இந்நிலை என்றால், பென் டிரைவில் புரோகிராமை எடுத்துக்கொண்டு ஓடும் நம் கூடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இவற்றை எளிமையாக்க முயல்வதில்லை. வேலி போட்டு ஒதுக்கி வைக்கிறேன். இந்தக் கணினிகளுக்கு இணையம் கிடையாது. அவை தனி வீலேனில் இருக்கும். அங்கிருந்து ஒரே ஒரு இடைநிலைச் சர்வரை மட்டுமே அவை பார்க்கும். வரைபடங்களும் புரோகிராம்களும் அந்தச் சர்வரில் வைரஸ் சோதனைக்குப் பிறகே உள்ளே போகும், கோப்புப் பகிர்வுக்கான பழைய எஸ்.எம்.பி. 1 நெறிமுறையை அனுமதிக்க வேண்டியிருந்தால் அந்த ஓர் எல்லைக்குள் மட்டுமே அனுமதிக்கப்படும். ஒவ்வொன்றின் வட்டையும் அப்படியே படியெடுத்து இரண்டு இடங்களில் வைத்திருக்கிறோம். அதே மாதிரியான பழைய கணினி ஒன்றையும் பழைய பொருள் சந்தையில் தேடிப் பிடித்து, அந்தப் படியை அதில் ஏற்றி ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு அலமாரியில் வைத்திருக்கிறோம். புதிதாக இயந்திரம் வாங்கும்போது, கட்டுப்பாட்டுக் கணினியின் இயங்குதளம் எது, அதற்கு எந்த ஆண்டு வரை திருத்தங்கள் கிடைக்கும் என்ற கேள்வியைக் கொள்முதல் ஆணைக்கு முன்பே கேட்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இயந்திரங்களுக்கென்றே உள்ள விண்டோஸ் 10 ஐ.ஓ.டி. என்டர்பிரைஸ் எல்.டி.எஸ்.சி. 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. சாதாரண விண்டோஸ் 10க்கு அது முடிந்தே போய்விட்டது. விலை பேசும் கட்டத்தில் இதைக் கேட்டால் விற்பவர் பதில் தேடித் தருவார். பணம் கட்டியபின் கேட்டால் சிரிப்பார்.

அலுவலகக் கணினிகளுக்குத் திரும்பினால், அங்கே வகைகளைக் குறைப்பதற்கு முற்றிலும் எதிரான ஒரு விதி ஓர் இடத்தில் பொருந்துகிறது. அந்த இடம் நிர்வாகியின் கடவுச்சொல். கணினிகளை ஃபார்மட் செய்து தரும் பழக்கம் உள்ள இடங்களில், எல்லாக் கணினிகளின் உள்ளூர் நிர்வாகிக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்தான் இருக்கும். பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரோடு ஓர் அட் குறியும் சில எண்களும் சேர்ந்தது. வேலைக்கு வசதி என்பதால் இதை எளிமை என்று பலர் எண்ணுகிறார்கள். 2017 ஜூன் 27 அன்று வெடித்த நாட்பெட்யா என்ற தீநிரல் இந்த வசதியின் விலையைக் காட்டியது. உக்ரைனில் நிறுவனங்கள் வரிக்கணக்குக்குப் பயன்படுத்தும் எம்.இ.டாக் என்ற மென்பொருளின் புதுப்பிப்பு வழியாக அது நுழைந்தது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட திருத்தத்தை நிறுவியிருந்த கணினிகளும் தப்பவில்லை. ஏனெனில், பிடிபட்ட கணினியின் நினைவகத்தில் இருந்த நிர்வாகிச் சான்றுகளைத் திருடி, அவற்றைக் கொண்டு அடுத்த கணினிக்குள் முறைப்படி உள்நுழையவும் அதற்குத் தெரிந்திருந்தது. டென்மார்க்கின் கப்பல் நிறுவனமான மேர்ஸ்க், 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாட்களில் மீண்டும் நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் அடுத்த ஆண்டு டாவோஸ் பொருளாதார மாநாட்டில் கூறினார்.

இதற்கு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது. லேப்ஸ் என்ற வசதியை மைக்ரோசாஃப்ட் 2015இல் வெளியிட்டது. 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸிலேயே அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு கணினியின் உள்ளூர் நிர்வாகிக் கணக்குக்கும் தனித்தனியான, எவருக்கும் நினைவில் நிற்காத கடவுச்சொல்லை அது தானே உருவாக்கி, டொமைனின் பயனர்களும் கணினிகளும் பதிவாகியிருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் பதிந்து வைத்து, குறித்த இடைவெளியில் மாற்றிக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது உரிமையுள்ளவர் அதை எடுத்துப் பார்க்கலாம். எம்.இ.டாக் கதையில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. நம் கணக்குப் பிரிவினருக்கு நிர்வாகி உரிமை கொடுக்கப்பட்டிருப்பதற்குச் சொல்லப்படும் காரணமே, டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவர், ஜி.எஸ்.டி. தளத்துக்கான கையொப்பச் செயலி, வருமான வரிப் படிவங்களுக்கான செயலி ஆகியவை அடிக்கடி புதுப்பிக்கச் சொல்லி நிற்கும் என்பதுதான். மாதத்தின் இருபதாம் தேதி அன்று அவர்களைத் தடுத்து நிறுத்தும் துணிவு எனக்கில்லை. அவற்றை நாமே சோதித்து, மையத்திலிருந்து எல்லாக் கணினிகளுக்கும் முன்கூட்டியே அனுப்பிவிட்டால் அந்த உரிமையைத் திரும்பப் பெறுவதற்கு எதிர்ப்பே எழாது.

திருத்தங்களை நிறுவுவதில் இரண்டு அச்சங்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன. வானாக்ரை பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தம் 2017 மார்ச் 14 அன்று வந்தது; தாக்குதல் மே 12 அன்று தொடங்கியது. இரண்டு மாத அவகாசம் இருந்தும், பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் உட்பட எண்ணற்ற இடங்கள் விழுந்தன. தாமதிப்பவனுக்குரிய எச்சரிக்கை இது. அவசரப்படுபவனுக்குரிய எச்சரிக்கை 2024 ஜூலை 19 அன்று வந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான உள்ளடக்கப் புதுப்பிப்பு ஒன்று ஒரே நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பப்பட்டு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவில் நடைமுறையில் உள்ள வழி, வளையங்களாகப் பிரிப்பது. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும் மைக்ரோசாஃப்டின் திருத்தங்கள், முதலில் எங்கள் பிரிவின் கணினிகளுக்கும் ஒவ்வொரு துறையிலும் தேர்ந்தெடுத்த ஒருவருடைய கணினிக்கும் போகும். சில நாட்கள் கழித்து மற்ற அலுவலகக் கணினிகள்; கடைசியாகச் சர்வர்கள், அதுவும் உற்பத்தி குறைந்த ஞாயிற்றுக்கிழமை. மாதக் கடைசியில் சம்பளப் பட்டுவாடா நடக்கும் நாட்களில் எதையும் தொடுவதில்லை. ஆனால் கிரவுட்ஸ்டிரைக் விஷயத்தில் அத்தகைய உள்ளடக்கப் புதுப்பிப்புகளை நிறுத்திவைக்கும் வசதி அப்போது வாடிக்கையாளருக்குத் தரப்படவில்லை. வளையங்கள் வகுத்திருந்தவர்களும் சிக்கினார்கள். மென்பொருள் வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் நான் சேர்த்துக்கொண்டேன்.

அந்த நாளின் இன்னொரு நெருக்கடி பற்றி அதிகம் பேசப்படவில்லை. பழுதான கோப்பை நீக்க ஒவ்வொரு கணினியையும் மீட்பு நிலையில் தொடங்க வேண்டியிருந்தது. வட்டு பிட்லாக்கர் என்ற விண்டோஸின் குறியாக்க வசதியால் பூட்டப்பட்டிருந்தால் அதற்கு 48 இலக்க மீட்பு எண் தேவைப்பட்டது. அந்த எண்கள் இருந்த சர்வரும் சில இடங்களில் அதே நீலத்திரையில் நின்றது. எல்லாவற்றையும் மையத்தில் வைப்பது எளிமைதான். மையமே சாய்ந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒரு காகிதமாவது வேண்டும். முக்கியச் சர்வர்களின் மீட்பு எண்களையும் டொமைன் நிர்வாகியின் கடவுச்சொல்லையும் அச்சிட்டு, உறையில் ஒட்டி, காசாளரின் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறோம். மாற்றும்போதெல்லாம் உறையும் மாறும்.

சர்வர்களின் எண்ணிக்கை குறைவு என்பதால் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் அமைத்துவிடலாம் என்று தோன்றும். கையால் அமைத்த சர்வரில் என்ன இருக்கிறது என்பது அமைத்தவரின் தலையில் மட்டுமே இருக்கும்; அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் அதுவும் போய்விடும். ஒரு சர்வர் எப்படி இருக்க வேண்டும் என்பதை எழுதி வைத்து, கணினியே அந்த நிலைக்குத் தன்னைக் கொண்டுவரட்டும் என்ற எண்ணத்தை, மார்க் பர்ஜஸ் 1993இல் ஓஸ்லோ பல்கலைக்கழகத்தில் எழுதத் தொடங்கிய சி.எஃப்.என்ஜின் என்ற மென்பொருள் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பப்பெட், செஃப் எனப் பின்னால் பல வந்தன. சிறிய இடங்களுக்கு நான் விரும்புவது 2012இல் வெளியாகி, 2015இல் ரெட் ஹேட் வாங்கிய ஆன்சிபிள். லினக்ஸ் சர்வர்களில் அதற்காக எந்த ஏஜென்டையும் நிறுவி வைக்க வேண்டியதில்லை, தொலைவிலிருந்து உள்நுழையும் எஸ்.எஸ்.எச். இணைப்பும் பைத்தான் நிரல்மொழியும் இருந்தால் போதும்.

ஒரு சிறிய எடுத்துக்காட்டைச் சொன்னால் இதன் பயன் விளங்கும். கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த நெறிமுறைகளின்படி, நிறுவனங்கள் தம் கணினிகளின் கடிகாரத்தைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும், கணினிகளின் செயல்பாட்டுப் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நேரச் சர்வரின் பெயரும், பதிவுகளைக் காக்க வேண்டிய நாட்களும், அவற்றை அனுப்ப வேண்டிய மையச் சர்வரின் முகவரியும் ஆன்சிபிளுக்கான ஒரு கோப்பில் ஒரே ஒருமுறை எழுதப்பட்டிருக்கும். அதை இயக்கினால், மாறியிருக்கும் சர்வரைத் திருத்தும். சரியாக இருப்பதைத் தொடாமல் விட்டுவிடும். தணிக்கைக்கு வருபவர் கேட்டால் அந்தக் கோப்பையே அச்சிட்டுக் கொடுக்கலாம். கடிகாரம் அற்பமான விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஆக்டிவ் டைரக்டரி பயன்படுத்தும் கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் இரண்டு கடிகாரங்களுக்கிடையே ஐந்து நிமிடத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்நுழைவே மறுக்கப்படும். மதர்போர்டில் உள்ள சிறு பேட்டரி தீர்ந்துபோன கணினிகளில் திங்கட்கிழமை காலை வரும் 'கடவுச்சொல் வேலை செய்யவில்லை' என்ற புகாருக்கு இதுதான் காரணமாக இருப்பதுண்டு.

இப்போது மென்பொருளின் பெயர்களைச் சொல்லலாம். விண்டோஸ் மட்டுமே உள்ள, ஒரே வளாகத்தில் அடங்கிய நிறுவனத்துக்கு, 2000ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் ஆக்டிவ் டைரக்டரியும், மையத்திலிருந்து விதிகளை வகுக்கும் குரூப் பாலிசியும் இன்றும் பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். ஊழியர்கள் வெளியூர்களில் சிதறி இருந்தால் மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன் போன்ற இணையவழி நிர்வாகம் பொருந்தும். சென்னையில் உருவாக்கப்பட்டு உலகெங்கும் விற்கப்படும் சோஹோவின் மேனேஜ்என்ஜின் எண்ட்பாயின்ட் சென்ட்ரல், திருத்தங்கள், மென்பொருள் நிறுவல், பட்டியல், தொலைவிலிருந்து திரையைப் பார்ப்பது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தருகிறது. ஐயம் வந்தால் தமிழிலேயே பேசித் தீர்த்துக்கொள்ள ஆட்கள் கிடைப்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கூடுதல் வசதி. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை நீக்குவது முக்கியம். தொலைவிலிருந்து உதவ மூன்று விதமான செயலிகள் நிறுவப்பட்டிருக்கும் கணினிகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றுள் இரண்டை யார் பயன்படுத்தினார்கள் என்பதே அங்கு எவருக்கும் தெரியாது.

எல்லாக் கணினிகளிலும் எதையும் நிறுவவல்ல ஒரு மென்பொருள், அதைக் கைப்பற்றியவருக்கும் அதே வல்லமையைத் தரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2021 ஜூலை 2 அன்று கசேயா நிறுவனத்தின் வி.எஸ்.ஏ. என்ற நிர்வாக மென்பொருளின் ஓட்டை வழியாக நுழைந்த பணயத் தீநிரல், 1,500 வரையிலான நிறுவனங்களைத் தாக்கியதாகக் கசேயாவே மதிப்பிட்டது. சுவீடனின் கூப் பல்பொருள் அங்காடிகளில் பணம் பெறும் இயந்திரங்கள் நின்றுபோய், 800 கடைகளில் பெரும்பாலானவை கதவடைத்தன. கூப் அந்த மென்பொருளை நேரடியாக வாங்கியதுகூட இல்லை, அதன் கணினிகளைப் பராமரித்த நிறுவனம் பயன்படுத்தியது. மேனேஜ்என்ஜினின் இதே மென்பொருளிலும், அப்போது டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற பெயரில் இருந்தபோது, 2020 மார்ச்சில் தீவிரமான ஓர் ஓட்டை வெளிப்பட்டு, தாக்குபவர்களால் பயன்படுத்தப்பட்டது. திருத்தமும் விரைவில் வந்தது. ஆகவே இத்தகைய சர்வரை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கக் கூடாது, வி.பி.என். என்ற பாதுகாக்கப்பட்ட இணைப்பு வழியாக மட்டுமே எட்ட வேண்டும். உள்நுழைய இரண்டாம் சான்று கட்டாயம் வேண்டும். திருத்தங்களை நிறுவும் வரிசையில் மற்றெல்லாவற்றுக்கும் முன்னால் இதற்கு இடம் தர வேண்டும்.

கைப்பேசிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊழியரின் சொந்த ஆண்ட்ராய்டு பேசியில் வேலைக்கென்று தனிப் பகுதி ஒன்றை உருவாக்கி, மின்னஞ்சலையும் விற்பனைச் செயலியையும் அதற்குள் வைத்துவிட்டால், அவர் விலகும் நாளில் அந்தப் பகுதியை மட்டும் அழிக்கலாம். குடும்பப் படங்களை நாம் பார்ப்பதும் இல்லை, தொடுவதும் இல்லை. இதை முதலிலேயே விளக்கினால் மறுப்பவர்கள் குறைவு. கடினமான பகுதி மனிதவளப் பிரிவிடமிருந்து விலகல் செய்தியை உரிய நாளில் பெறுவதுதான். சம்பளப் பட்டியலிலிருந்து ஒருவரின் பெயர் நீங்கும்போதே எங்களுக்கும் மின்னஞ்சல் வரும்படி செய்த பிறகு அதுவும் ஒழுங்குக்கு வந்தது.

பட்டியலில் ஏறிய கருவி ஒருநாள் அதிலிருந்து இறங்கவும் வேண்டும். பழைய கணினிகள் மாடிப்படிக்கு அடியில் அடுக்கப்படுவதும், சில ஆண்டுகள் கழித்து எடைக்குப் போடப்படுவதும் எங்கும் நடக்கிறது. அவற்றின் வட்டுகளில் சம்பளப் பட்டியலும் வாடிக்கையாளரின் வரைபடங்களும் அப்படியே இருக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின் கீழ், இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பதே எங்கள் நடைமுறை. அதற்கு முன் சுழலும் வட்டுகள் முழுவதுமாக மேலெழுதப்படும், எஸ்.எஸ்.டி. வட்டுகளுக்கு மேலெழுதுவது நம்பகமானதன்று என்பதால் உற்பத்தியாளரின் அழிப்புக் கட்டளை பயன்படுத்தப்படும்; இயங்காத வட்டுகள் எங்கள் கூடத்திலேயே துளையிடப்படும், அதற்கு வேண்டிய இயந்திரத்துக்கு எங்களிடம் பஞ்சமில்லை. மறுசுழற்சியாளர் தரும் சான்றிதழில் ஒவ்வொரு கணினியின் தொடர் எண்ணும் இருக்க வேண்டும் என்று கேட்டுப் பெறுகிறோம். அந்த எண்ணைப் பார்த்து ஜி.எல்.பி.ஐ.யில் அக்கணினியின் நிலையை 'ஒப்படைக்கப்பட்டது' என்று மாற்றி, ஆக்டிவ் டைரக்டரியில் உள்ள அதன் கணக்கை நீக்கி, சான்றிதழின் நகலைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பினால், அவர்களும் சொத்துப் பதிவேட்டிலிருந்து அதைக் கழித்துவிடுகிறார்கள்.